கையெழுத்துப் போட்டது யார்? ரயில்வே பேச்சுவார்த்தையும் துப்புரவுத் தொழிலாளர்களும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத்திடலில் செங்கொடி ஏறும். 1946இல் அதே நாளில் அங்கே தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கு முன்பே, நாகப்பட்டினம் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பு செய்தபோது, 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் நடந்து சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1974 மே மாதம் 20 நாள் நாட்டின் ரயில்கள் நின்றபோதும் பொன்மலை நின்றது. திருச்சியில் பிறந்து தொழிற்சங்கம் என்றால் என்ன என்று கேட்பவன் இந்த வரலாறு தெரியாமல் கேட்கக் கூடாது. இந்தத் தியாகத்தின் மேல் நமக்கு மரியாதை உண்டு.

மரியாதை இருப்பதால்தான் கேட்கிறேன். சங்கத்திடலிலிருந்து கிளம்பி திருச்சி ஜங்ஷனுக்கு வாருங்கள். நடைமேடையைக் கூட்டுபவர், தண்டவாளத்துக்குள் இறங்கி பிளாஸ்டிக்கும் மலமும் கலந்த குப்பையை அள்ளுபவர், பெட்டியின் கழிவறைக்குள் வாளியோடு நுழைபவர் யார் என்று பாருங்கள். அவர் சட்டையின் முதுகில் ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ரயில்வேயின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்காது. அவர் என்ன சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது, ஒப்பந்தம். நிரந்தரத் தொழிலாளிக்கு அது சம்பள ஒப்பந்தம். அவன் சங்கம் மேசையில் உட்கார்ந்து பேசி, முறைத்து, நோட்டீஸ் கொடுத்து, கடைசியில் கையெழுத்துப் போட்டு வாங்குவது. துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே வார்த்தைதான், ஒப்பந்தத் தொழிலாளி. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து கிடையாது. ஒரு பக்கம் ரயில்வே கோட்டம், மறுபக்கம் கான்ட்ராக்டர். எத்தனை ஆள், எத்தனை ஷிப்ட், எத்தனை நாள், என்ன விலை என்று இரண்டு பேர் பேசி முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆளின் உடல்தான் அங்கே விற்கப்படும் சரக்கு. சரக்கைக் கேட்டு யாராவது விலை பேசுவார்களா?

இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும், தோழர்களே. துப்புரவுப் பணியாளருக்குக் கூலிப் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நடக்கிறது. அதன் பெயர் டெண்டர். சுத்தம் செய்யும் வேலையில் பெரிய யந்திரச் செலவு கிடையாது. பினாயில், துடைப்பம், ஒன்றிரண்டு தரை கழுவும் மெஷின் போக மிச்சமெல்லாம் கூலிதான். அப்படிப்பட்ட வேலையில் குறைந்த விலை கேட்டவனுக்கே டெண்டர் என்றால், அவன் எதில் குறைப்பான்? சட்டப்படியான கூலியைக் காகிதத்தில் குறைக்க முடியாது. ஆகவே ஆளைக் குறைப்பான், பத்துப் பேர் வேலையை ஏழு பேரிடம் வாங்குவான். நாளைக் குறைப்பான், 26 நாள் வேலை செய்தவருக்கு 20 நாள் எழுதுவான். வங்கிக் கணக்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு ஒரு பகுதியைக் கையில் திருப்பி வாங்குவான். பி.எஃப். பிடிப்பான், கட்டமாட்டான். தொழிலாளர்களோடு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல.

இரண்டு அல்லது மூன்று வருடத்தில் டெண்டர் முடியும். புது கான்ட்ராக்டர் வருவான். அதே நடைமேடை, அதே துடைப்பம், அதே ஆள். ஆனால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. பத்து வருடம் கூட்டிய அம்மாவுக்குப் புதுச் சட்டை கொடுத்து புது ஆள் என்று எழுதுவார்கள். ஐந்து வருடத் தொடர் பணி இல்லை, அதனால் பணிக்கொடை இல்லை. பணி மூப்பு இல்லை. வாயைத் திறந்த ஆளைப் புது கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளவே மாட்டான். வேலைநீக்கம் என்று அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் யாரையும் நீக்கவில்லையே!

கூலி வித்தியாசத்தையும் பார்த்துவிடுவோம். ஏழாவது ஊதியக் குழுப்படி ரயில்வேயில் கடைநிலை நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய். அதன் மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பாஸ், ரயில்வே ஆஸ்பத்திரி. தீபாவளிக்கு முன் 78 நாள் போனஸ், அதிகபட்சம் 17,951 ரூபாய். கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, 2024 அக்டோபர் 1 முதல், ‘ஏ’ பிரிவுப் பெருநகரங்களில் ஒரு நாளைக்கு 783 ரூபாயாக இருந்தது. திருச்சி அந்தப் பிரிவில் இல்லை, இங்கே அதைவிடக் குறைவு. வாரவிடுப்பு நாளுக்குக் கூலி உண்டா என்று கேட்டால் மேஸ்திரி சிரிப்பார்.

இனி சட்டத்துக்கு வருவோம். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 10ஆம் பிரிவு, எந்த வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாம் என்பதற்கு அளவுகோல் சொன்னது. வேலை நிரந்தரத் தன்மை உள்ளதா? முழுநேர ஆட்களை வைக்குமளவு வேலை இருக்கிறதா? சாதாரணமாக இதை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு செய்வார்களா? 24 மணி நேரமும் ரயில் வந்து போகும் ஜங்ஷனின் நடைமேடைக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பதில் ஆம்தான். 1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் ஆகிய வேலைகளில் ஒப்பந்த முறைக்குத் தடை. ஏர் இந்தியா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. தடை வந்துவிட்டால் அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாமாகவே அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் ஆகிவிடுவார்கள் என்றது.

ஐந்தே வருடம். 2001இல் செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. தாமாக ஊழியர் ஆகும் உரிமை சட்டத்தில் இல்லை என்றது. 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தது, ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியாகப் பரிசீலிக்காமல் மொத்தமாகப் போட்ட உத்தரவு என்று காரணம் சொல்லி. சரி, தனித்தனியாகப் பரிசீலித்து மறுபடி போட்டிருக்கலாம் அல்லவா? மாறி மாறி ஆண்ட எந்த அரசுக்கும் அந்த அக்கறை வரவில்லை.

பிறகு வந்தது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று இது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. மையப் பணி அல்லாதவை எவை என்று ஒரு பட்டியலும் கொடுக்கிறது. அந்தப் பட்டியலின் முதல் வரி துப்புரவு. கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், கழிவு அகற்றுதல். 1976இல் எந்த மூன்று வேலைகளின் பெயரைச் சொல்லித் தடை போட்டார்களோ, அதே மூன்று வேலைகளின் பெயரைச் சொல்லி 2020இல் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான்காவது வரியில் சுமை ஏற்றி இறக்குதல். அதாவது பார்சல் ஆபீஸும் குட்ஸ் ஷெட்டும் துறைமுகமும்.

ரயில்வேயின் மையப் பணி ரயில் ஓட்டுவது, கூட்டுவது எப்படி மையப் பணியாகும் என்று கேட்கிறார்கள். கழிவறை கழுவாத ரயிலை சென்னை வரை ஓட்டிக் காட்டட்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸின் பெட்டிகளை ஒரு வாரம் அப்படியே விடட்டும், எது மையம் எது ஓரம் என்று பயணிகளே சொல்வார்கள். எந்த வேலையை எந்தச் சாதி செய்கிறதோ அதை வைத்துத்தான் இங்கே மையமும் ஓரமும் தீர்மானமாகிறது. ஊருக்கு நடுவில் தெரு, ஊருக்கு வெளியே சேரி. அதே வரைபடத்தைத் தொழிற்சாலைக்குள் மடித்து வைத்தால் அதற்குப் பெயர் அவுட்சோர்சிங்.

சாதியை இழுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அரசின் கணக்கையே காட்டுங்கள். அடையாளம் காணப்பட்ட கையால் மலம் அள்ளும் தொழிலாளர்கள் 58,098 பேர். அவர்களில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். 2021இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்ன பதில் இது. நூற்றுக்கு 97. இவ்வளவு துல்லியமான இட ஒதுக்கீட்டை எந்த அரசாணையும் இதுவரை சாதித்ததில்லை.

இட ஒதுக்கீடு என்றதும் இன்னொன்று. கடைநிலைப் பணியிடம் ரயில்வேயில் இருந்தவரை அதில் பட்டியல் சாதிக்குப் பங்கு இருந்தது. சஃபாய்வாலாவாகச் சேர்ந்த அப்பா, ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்து பிள்ளையைப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை எழுத்தராக, டெக்னீஷியனாக ஆனார். இழிவான வேலைதான். ஆனால் அடுத்த தலைமுறை தப்பிப்பதற்கு அதில் ஒரு வாசல் இருந்தது. 2015-16 தொடங்கி ஆறே ஆண்டுகளில் ரயில்வே ‘சி’, ‘டி’ பிரிவுகளில் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களை ஒழித்துவிட்டதாக 2022இல் பத்திரிகைகள் எழுதின. பியூன், தோட்டக்காரர், துப்புரவாளர் எல்லாம் அதில் அடக்கம். இழிவு அப்படியே இருக்கிறது, வாசலை மட்டும் அடைத்துவிட்டார்கள். கான்ட்ராக்டரிடம் இட ஒதுக்கீடு கிடையாது. அருந்ததியருக்குப் போராடிப் பெற்ற 3 சதவீத உள் ஒதுக்கீட்டை 2024இல் உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் ஒதுக்கீடு செய்ய வேலை எங்கே?

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். கையால் மலம் அள்ளுபவர் யார் என்று சொல்லும் பிரிவில் ரயில் தண்டவாளம் என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. ஒப்பந்த ஊழியரும் அதில் அடக்கம் என்றும் இருக்கிறது. அதற்குக் கீழேயே விளக்கம். அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் கையால் மலம் அள்ளுபவர் ஆகமாட்டார்! ரயில் பெட்டிக் கழிவறைக்கு என்று தனி விலக்கு வேறு. ஒரு ஜோடி கையுறையில் தீண்டாமையை ஒழித்த நாடு உலகத்திலேயே நம்முடையதுதான். 2014 மார்ச் 27 தீர்ப்பில், தண்டவாளத்தில் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலக்கெடுவோடு திட்டம் போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குச் சொன்னது. பயோ டாய்லெட் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அது பெரிய மாற்றம்தான். 2016இல் மானாமதுரை - ராமேஸ்வரம் பாதையை மலம் விழாத முதல் பாதையாக அறிவித்தார்கள். தண்டவாளத்தில் விழுவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டி அடைத்துக்கொண்டால் குத்தி எடுப்பது யார்? 2017இல் தணிக்கைத் துறையே அடைப்பு பற்றிய புகார்களைப் பக்கம் பக்கமாக எழுதியது. தொழில்நுட்பம் மாறியது, அதைச் சுத்தம் செய்யும் ஆளின் சாதி மாறவில்லை.

ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். 2025 மே 22 அன்று பிரதமர் காணொலியில் திறந்து வைத்த 103 ரயில் நிலையங்களில் அதுவும் ஒன்று. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். ரங்கநாதரைச் சேவிக்க மடி ஆசாரத்தோடு வருபவர்கள் கால் வைக்கும் முதல் இடம் அந்த நடைமேடை. அவர்கள் வருவதற்கு முன்பும் போன பின்பும் அதைக் கழுவும் கைகளுக்குத் திருவிழாக்காலக் கூடுதல் கூலி உண்டா? கழிப்பிடம், உடை மாற்ற ஓர் அறை, பெண்களுக்கு உட்கார ஓர் இடம் உண்டா? அழகுபடுத்திய நிலையத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இப்போது சங்கங்களுக்கு. ரயில்வேயில் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு 1950களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கோட்டம், மண்டலம், ரயில்வே வாரியம் என்று படிப்படியாகப் பேசலாம். பேசும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட சங்கத்துக்கு மட்டும். அங்கீகாரம் ரகசிய வாக்கெடுப்பில் முடிவாகும். கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. பொன்மலை முழுக்க போஸ்டர், கேட் மீட்டிங், வாக்குறுதி. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவன் கோரிக்கை எந்த நோட்டீஸில் எத்தனையாவது வரியில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நிரந்தர ஊழியரிலும் எஸ்.சி., எஸ்.டி. சங்கத்துக்கு அந்த மேசையில் பேரம் பேசும் உரிமை கிடையாது, முறைசாராச் சந்திப்பு மட்டும். டீ குடித்துவிட்டு வரலாம்.

தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் இதை இன்னும் இறுக்கிவிட்டது. ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரைக் கொண்ட சங்கமே பேசும் சங்கம். ஒப்பந்தத் தொழிலாளி இருப்பது கான்ட்ராக்டரின் பதிவேட்டில். அங்கே 51 அல்ல, 100 சதவீதம் திரட்டினாலும் பேச வேண்டியது யாரோடு? அடுத்த டெண்டரில் காணாமல் போகும் ஒருவனோடு.

அண்ணல் அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வேயின் தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் சொன்னதைப் போஸ்டரில் போடுகிறோம். அதே பேச்சில் ரயில்வேக்குள் சாதி எப்படி வேலை செய்கிறது என்று அவர் பிரித்துக் காட்டியதை யாரும் போடுவதில்லை. நம் ஆட்கள் கேங்மேனாகவே காலம் தள்ளினார்கள். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், தீண்டத்தகாதவன் எப்படி வீட்டுக்குள் நுழைவான்? பின்னர் வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்ததும் அவர்தான். பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“அவர்கள் ரயில்வே ஊழியரே இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்” என்று தோழர்கள் கேட்பார்கள். தனியாக ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் வைத்து உண்மையாக உழைக்கும் சில தோழர்களையும் அறிவேன், அவர்களுக்கு இந்தக் கோபம் பொருந்தாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 1974 கோரிக்கைப் பட்டியலில் தற்காலிகத் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்பதும் இருந்தது. 1985இல் இந்திரபால் யாதவ் வழக்கில் ரயில்வே திட்டப்பணிகளின் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு வழி பிறந்தது. 1995இல் கான்ட்ராக்டர்களிடம் இருந்த பார்சல் போர்ட்டர்களை ரயில்வே எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களும் அன்றைக்கு ரயில்வே ஊழியர் இல்லைதான்.

2019 மே மாதம் பொன்மலைப் பணிமனை வாசலில் வடமாநிலத்தவர் நியமனத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்தது நினைவிருக்கும். தமிழர் வேலை தமிழருக்கே. நல்லது, அப்ரண்டிஸ் முடித்த நம் பிள்ளைகளுக்கும் அதில் நியாயம் உண்டு. ஆனால் துப்புரவு டெண்டரை எதிர்த்து அந்த வாசலில் அப்படி ஒரு கூட்டம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையில் மட்டும் மண்ணின் மைந்தர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. ஒன்றிய அரசை மட்டும் திட்டித் தப்பிக்கவும் முடியாது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்த துப்புரவுத் தொழிலாளர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் தூக்கிப் போனது சமூக நீதி பேசும் மாநில அரசின் போலீஸ்.

மாற்று வழி என்ன என்று கேட்பவர்களுக்குத் துறைமுகத்தைக் காட்டுகிறேன். 2024 ஆகஸ்ட் 28 அன்று பெருந்துறைமுகங்களில் வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் நோட்டீஸ் கொடுத்தன. முந்தின நாளே அரசு இறங்கி வந்து உடன்பாடு செய்தது. நிரந்தரத் தொழிலாளியின் பலம் அது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை. ஒரு காலத்தில் துறைமுகச் சுமைத் தொழிலாளியும் தினக்கூலிதான், மேஸ்திரி கை காட்டினால் வேலை, இல்லாவிட்டால் பட்டினி. 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் கீழ் சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் டாக் லேபர் போர்டு அமைந்தது. தொழிலாளியின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் ஏறியது. எந்தக் கம்பெனியின் கப்பல் வந்தாலும் பதிவேட்டிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். முறைவைத்து வேலை, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு குறைந்தபட்சம். கம்பெனி மாறும், பதிவேடு மாறாது.

திருச்சி கோட்டத்துக்கு அப்படி ஒரு பதிவேடு ஏன் கூடாது? துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லோர் பெயரும், சேர்ந்த தேதியோடு, கோட்டத்தின் பொறுப்பில். எந்த கான்ட்ராக்டர் வந்தாலும் பதிவேட்டில் உள்ளவரைத்தான் எடுக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை. பணிக்கால வருடங்கள் தொடர வேண்டும். இது ஒப்பந்த முறையை ஒழிக்காது, ஒழிப்புக்கான சண்டை தனி. ஆனால் நாளைக்கு நிரந்தரம் கேட்டு வழக்குப் போடும்போது, பத்து வருடம் வேலை செய்தேன் என்பதற்கு அந்த அம்மாவின் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். இன்றைக்கு அதுகூட இல்லை.

மாணவர்களால் இப்போதே செய்ய முடிந்தது இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கோட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். ஜங்ஷன், கோட்டை, ஸ்ரீரங்கம் நிலையங்களின் துப்புரவு டெண்டர் நகல். ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆள் என்று அதில் எழுதியிருக்கிறது? கூலி கொடுக்கும்போது ரயில்வே தரப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? கான்ட்ராக்டர் கூலி பாக்கி வைத்தால் முதன்மை முதலாளியான ரயில்வேதான் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. அப்படி ஒரு தடவையாவது கொடுத்திருக்கிறதா? வணிக ரகசியம் என்று பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள், பொதுப்பணத்தில் போட்ட டெண்டரில் ரகசியம் ஏது? பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அதை டெண்டரில் உள்ள ஆள் எண்ணிக்கையோடும், அதிகாலை ஷிப்டில் நீங்கள் நேரில் நின்று எண்ணியதோடும் ஒப்பிடுங்கள். மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு முதலில் தொழிலாளர்களிடம் போங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் மத்திய தொழிலாளர் துறைக்குப் புகார், ஏனென்றால் மறுநாள் வேலை போவது உங்களுக்கு அல்ல. பிறகு அதே மூன்று எண்களோடு, 2024 டிசம்பரில் ஓட்டு வாங்கி மேசையில் உட்கார்ந்திருக்கும் சங்கங்களின் அலுவலகத்துக்குப் போய், அடுத்த பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்ப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை எனக்கு அனுப்புங்கள். வந்ததை அப்படியே இங்கே வெளியிடுகிறேன். பதில் வராவிட்டால், கேட்ட தேதியை வெளியிடுகிறேன்.